கிடாவுக்குள் ஒரு கிராணி

எங்கள் ஆட்டுக்கிடா ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தது. அதன் பிறகு அதோடு சேர்த்த ஐந்து பெட்டைகளில் ஒன்றுகூடச் சினை பிடிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து ஐந்தும் வரிசையாக மறுபடி பருவத்துக்கு வந்து கத்தின. வெள்ளைப் பெட்டை மட்டும் ஒரே காலையில் நூற்று நாற்பது தடவை கத்தியது. நான் எண்ணினேன்.

கிடா எனக்கும் என் மனைவியின் தம்பிக்கும் பொது. சுங்கை சிப்புட்டில் பழைய ரப்பர்க் காட்டை ஒட்டி எங்கள் கொட்டகை இருக்கிறது. அவன் வந்து பார்த்துவிட்டு, "மச்சான், இதுக்கு வயசாச்சுலா. முனியாண்டி படையலுக்குப் போட்டுடலாம்" என்றான்.

ஈப்போவில் ஆய்வுக்கூட வேலையிலிருக்கும் மகளுக்குப் போன் செய்தேன்.

"அப்பா, அவசரப்படாதீங்க. காய்ச்சல் சூட்டுல பழைய விந்தணு கெட்டிருக்கும். புதுசா உருவாக நாப்பத்தெட்டு நாள் ஆகும்" என்றாள். கூடவே ஒரு பாடமும் நடத்தினாள். விந்தணு முதிரும்போது அதன் மரபணுச் சரக்கெல்லாம் இறுக்கிக் கட்டப்படுமாம். அதன்பின் புதிதாக எந்த உத்தரவும் எழுத முடியாது. வேண்டிய உத்தரவுகள் ஆர்.என்.ஏ.வாக முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். சில புரதங்கள் அவற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு, நாள் வந்ததும் ஒவ்வொன்றாக விடுமாம். ஒன்றை முன்னதாக விட்டாலும் விந்தணு கோணலாகிவிடும்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் இருபத்தொன்பது வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவன் நான். தோட்ட மேனேஜர் துரை லீவில் போகும்முன் எல்லா உத்தரவையும் எழுதி என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார். அந்தந்த நாளில் அந்தந்தத் தாளை எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஆக, கிடாவுக்குள்ளும் என்னைப் போல் கிராணிமார் உட்கார்ந்திருக்கிறார்கள்!

மைத்துனனிடம் இதைச் சொன்னேன். அவன் கிடாவின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தான். "இங்கயா மச்சான் உங்க ஆபீஸ்?"

ஆனால் நாற்பத்தெட்டு என்றதும் அவன் அடங்கினான். "ஒரு மண்டலமா? சரி. சாமிக்கே அவ்வளவுதான் விரதம்."

காய்ச்சல் இறங்கிய நாளை ஒன்று என்று வைத்து காலண்டரில் எண் போட்டேன். கொட்டகைக்குள் வெயில் இறங்காமல் படுதா கட்டினேன். கூடத்திலிருந்த காத்தாடியையும் கொண்டுபோய்க் கிடாவின் பக்கம் திருப்பி வைத்தேன். "முப்பத்தாறு வருஷமா நான் அடுப்படியில வேகுறேன், ஒரு காத்தாடி வந்துச்சா?" என்று மனைவி கேட்டாள். முப்பத்தேழு என்று திருத்தினேன். அன்று பகல் எனக்கு ரசம் மட்டும்தான்.

நாற்பத்தெட்டாம் நாள் வெள்ளைப் பெட்டை பருவத்தில் இருந்தது. சேர்த்தோம். அறுபத்தொன்பதாம் நாள் காலை அது மறுபடி கத்தியது. பத்து வரை எண்ணிவிட்டு நிறுத்திவிட்டேன். மைத்துனன் கத்தியைத் தீட்டக் கல் தேடினான்.

மகளுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். "அப்பா, அன்னிக்கே சொன்னேனே! நாப்பத்தெட்டு நாள் உருவாகத்தான். அப்புறம் நீளமான குழாய்ல ஊர்ந்து முதிர்றதுக்கு இன்னும் ரெண்டு வாரம். நாப்பத்தெட்டுன்னதும் நீங்க காதை மூடிட்டீங்க."

உண்மைதான். மண்டலம் முடிந்தது, மாலையைக் கழற்றிவிடலாம் என்பதுபோல அந்த எண்ணோடு நின்றுவிட்டேன். தாளை முன்னதாகக் கொடுத்த கிராணி நானே.

"இன்னைக்கே ஒரு தடவை சேத்துப் பாப்போம். இருபத்தொரு நாள் கொடு" என்று மைத்துனனைக் கெஞ்சினேன். வெள்ளைப் பெட்டையின் கத்தலில் என் குரல் அவனுக்குக் கேட்டதா தெரியவில்லை. கல்லை மட்டும் கீழே வைத்தான்.

தொண்ணூறாம் நாள் விடிந்ததும் கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். அவன் கத்தியைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பத்து மணி வரை வெள்ளைப் பெட்டை ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை, தின்பதற்குத் தவிர.

"பிடிச்சிருச்சு போல மச்சான்" என்றான்.

"அவசரப்படாதே. இன்னும் மூணு நாள் சேத்துப் பாப்போம்" என்றேன் நான்.

மூன்று நாளும் கொட்டகை அமைதியாக இருந்தது. நான்காம் நாள் அவன் கிடாவின் கழுத்தைத் தடவிக் கொடுத்தான்.

"முனியாண்டிக்குச் சேவல் போதும்லா. உள்ள இருக்கிற கிராணி எல்லாம் நல்லாத்தான் வேலை செய்யறானுங்க மச்சான். வெளிய இருக்கிறவனைத்தான் மாத்தணும்."