ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க

போன கோடையில் நடந்தது இது. கறம்பக்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே ஓடும் தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. புரோஸ்டேட் வீக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு, ஓய்வு முடிந்து அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தேன்.

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. அடைப்பு நீங்கிவிட்டது. ஆனால் இருமினால், தும்மினால், பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறினால் என்னை அறியாமல் சிறுநீர் சொட்டிவிடும். ஆள்மேல் ஆள் இடித்துக்கொண்டு நிற்கும் பஸ்ஸில் இது எப்பேர்ப்பட்ட கொடுமை! யாருக்காவது வாடை தெரிந்து, முதலாளி காதுக்குப் போனால் வேறு ஆளைப் போட்டுவிடுவார். அதனால் நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். காலையில் வண்டி ஏறினால் ராத்திரி இறங்கும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. அதுவும் அக்னி நட்சத்திரத்தில். புத்திசாலி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் எப்படி இருக்கிறேன் என்று கேட்டார். "நல்லா இருக்கேங்க" என்றேன். நாம் வேறென்ன சொல்வோம்? மெனக்கெட்டு ஆபரேஷன் செய்தவரிடம் குறை சொல்வது மரியாதையா? பக்கத்தில் நர்ஸ் வேறு நின்றார். டாக்டர் விடவில்லை.

"ஆபரேஷன் சக்சஸ்னு நாங்க சொல்லிக்கிட்டாப் போதாதுங்க. நீங்க பழையபடி பஸ்ல நிக்கணும். அதுதான் எங்களுக்கு ரிசல்ட்டு. நர்ஸ் போன் பண்ணுவாங்க, மறைக்காமச் சொல்லுங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன்.

நர்ஸிடமிருந்து போன் வந்த நேரம் பார்த்து பஸ்ஸில் முகூர்த்த நாள் கூட்டம்.

"நல்லா இருக்கீங்களாண்ணே?"

"சூப்பரா இருக்கேம்மா. டூட்டிலதான் நிக்கிறேன்."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவருக்கு பஸ் இரைச்சல் கேட்டிருக்க வேண்டும்.

"சுத்தி ஆளுக நிப்பாங்க. நீங்க ஒண்ணும் வெளக்க வேணாம்ணே. நான் கேக்குறதுக்கு ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. இருமுனா சொட்டுதா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். மெதுவாக "ஆமா" என்றேன்.

"அதுக்குப் பயந்துக்கிட்டுத் தண்ணி குடிக்கிறதக் கொறச்சுட்டீங்களா?"

"ஆமா."

"எரிச்சல் இருக்கா?"

"ஆமா."

"வீட்ல சொன்னீங்களா?"

"இல்ல."

"நாளைக்கே வாரீங்களா?"

"ஆமாம்மா. வாரேன்."

போனை வைத்ததும் டிரைவர் திரும்பாமலே, "என்னண்ணே, வீட்லயா? பொட்டிப் பாம்பா அடங்கிட்டீங்க!" என்றார். முன் சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். கண் கலங்கியதை மறைக்கச் சில்லறை தேடுவதுபோல் பைக்குள் குனிந்துகொண்டேன்.

மறுநாள் பரிசோதித்ததில் சிறுநீரில் கிருமி சேர்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் குளிர்காய்ச்சலில் படுத்திருப்பேனாம். டாக்டர் திட்டவில்லை. ஒரு நடைக்கு எவ்வளவு நேரம், எங்கெங்கே வண்டி நிற்கும் என்று கேட்டு, அதற்குத் தோதாக எப்போது தண்ணீர் குடிப்பது, எங்கே இறங்கிப் போவது என்று சொன்னார். மாத்திரையோடு, சிறுநீரை அடக்கும் தசையை இறுக்கிப் பிடித்துத் தளர்த்தும் பயிற்சியையும் நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். நின்றபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது. டிக்கெட் கிழித்துக்கொண்டே செய்தேன். மழைக்காலம் தொடங்குவதற்குள் சொட்டுவது நின்றது.

அதற்குப் பிறகும் நர்ஸ் இரண்டொரு முறை கூப்பிட்டார். இப்போதெல்லாம் நானே ஓரமாக ஒதுங்கி நின்று, கேட்காததையும் சேர்த்துச் சொல்லி அவரைச் சிரிக்க வைத்துவிடுவேன்.

நல்லா இருக்கீங்களா என்று என்னைக் கேட்காதவர்கள் இந்த வழித்தடத்தில் கிடையாது. ஆனால் நான் சொன்ன பதிலை நம்பாமல் அடுத்த கேள்வியையும் கேட்ட அந்த ஒருவரால்தான், இன்றும் அதே பஸ்ஸில் விசில் ஊதிக்கொண்டு நிற்கிறேன்.