நகம் பதிந்த தடம்

காட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்கே தெரியாமல் போனதுதான் என் முட்டாள்தனம். மனைவியின் அண்ணன் வீட்டுக்குப் பின்னால், தேயிலைத் தோட்டத்துக்குள் நகம் பதிந்த காலடித் தடத்தைப் பார்த்து, "சிறுத்தைங்க மச்சான்! உங்க நாய்க்குத்தான் வந்திருக்கு," என்று பயமுறுத்தினேன். அவர் அழாக்குறையாக நாயைப் பந்தலூரில் உறவினர் வீட்டில் விட்டுவந்தார்.

அடுத்த மாதம் எல்லோருமாகச் சரணாலயத்தின் பார்வையாளர் மையத்துக்குப் போனோம். அங்கே பிள்ளைகள் மரஅச்சுகளை ஈரமணலில் அழுத்தி விலங்குகளின் தடம் பதிக்கலாம். என் மகள் பலகையை உரக்கப் படித்தாள்: "சிறுத்தை நடக்கையில் நகம் பதியாது. நாய்க்குப் பதியும்."

நான் பார்த்தது அவர் நாயின் தடமேதான். மச்சான் முறைத்த முறைப்பில், கண்ணாடிப் பெட்டிக்குள் பல்லைக் காட்டி நின்ற கரடிகூடச் சாதுவாகத் தெரிந்தது.

"நாளைக்கே போயி நாயைக் கூட்டிட்டு வந்துரலாமுங்க மச்சான், நானும் வர்றேன்."

"நீங்க வரவேண்டாம்."