லைன் ரூமுக்கு நடுவே ஓர் இடைவெளி

எங்கள் பெரிய கிளாக்கரின் இங்கிலீஷைப் பற்றிக் கண்டி முழுக்கப் பெருமையாகப் பேசுவார்கள். எனக்குத் தெரிந்தவரை அது இங்கிலீஷ் அல்ல, வெறும் பயம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், தேயிலைத் தோட்டங்களின் கடிதங்களைப் பார்க்கும் அந்தக் கந்தோரில் நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு சொல் சேர்ந்து வரும் இங்கிலீஷ் வார்த்தையைக் கண்டால் மனிதருக்கு வியர்த்துவிடும். சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா, நடுவில் கோடு போடுவதா? அகராதியை நம்பமாட்டார். எங்கள் வெள்ளைக்காரத் துரையின் பழைய கடிதக் கட்டுகளை அவிழ்த்து, துரை எழுதியபடிதான் எழுத வேண்டும். அதுவரை கடிதம் நகராது. துரையிடமே கேட்கலாமே என்றால், கேட்டால் மரியாதை போய்விடுமாம். வெட்கங்கெட்ட மரியாதை!

ஓர் ஆடிக் காற்றில், கடுகண்ணாவைப் பக்கத்துத் தோட்டத்தில் கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு லயத்தின் கூரைத் தகரம் பறந்துவிட்டது. அதில்தான் என் அக்கா குடியிருந்தாள், மச்சானோடும் கைப்பிள்ளையோடும். புதுத் தகரத்துக்கு அனுமதிக் கடிதம் அடித்தேன். பெரிய கிளாக்கர், லயத்து அறைக்கு நான் அடித்திருந்த 'லைன் ரூம்' என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"உது ஒரு சொல்லோ, ரெண்டு சொல்லோ?"

"எப்படி எழுதினா என்னங்க? அங்க எங்க அக்கா பச்சப்புள்ளையோட நனையுதுங்க."

"அதுக்கு? பிழையான இங்கிலீசைத் துரைக்கு முன்னால வைக்கச் சொல்லுறீரோ?"

பழைய கட்டுகளில் துரை மூன்று விதமாகவும் எழுதியிருந்தார். நான்கு முறை திருப்பி அடித்தேன். ஞாயிறன்று ரயிலேறி அக்காவைப் பார்க்கப் போனேன். பக்கத்துக் குடும்பத்தின் காம்பராவில் ஒண்டியிருந்தாள்.

"கடுதாசி போயிருச்சா தம்பி?"

"அப்பவே போயிருச்சுக்கா."

அதை நம்பி மச்சான் மறுநாள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் போய், கடிதத்தை அமுக்கிவிட்டதாகச் சண்டை பிடித்தார். அந்த வாரமே வேலைப் பதிவிலிருந்து அவருடைய பெயரை வெட்டி, குடும்பத்தைத் தோட்டத்தை விட்டு வெளியேற்றினார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் துரை அந்தக் கடிதத்தை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். புதுத் தகரத்துக்குக் கீழே வேறு குடும்பம் குடிவந்தது.

பெரிய கிளாக்கரைப் போல ஒரு கோழையைப் பார்த்ததில்லை என்று எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். கடிதம் இன்னும் மேசையில்தான் கிடக்கிறது என்று அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வராததை மட்டும் ஒருவரிடமும் சொன்னதில்லை.