சித்தப்பா சொன்ன குவைத்

சித்தப்பா குவைத்திலிருந்து லீவில் வந்தபோது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். குவைத் என்றுதான் எங்கள் தெருவில் எல்லோரும் சொன்னோம். ஓட்டல் வேலை என்று ஏஜென்ட் அனுப்பிவைத்த அவரையும் எதிர்வீட்டு அக்காவின் வீட்டுக்காரரையும், அங்கே இறங்கியதும் பஸ்ஸில் ஏற்றி எல்லை தாண்டி இராக்கிலிருந்த அமெரிக்கப் பட்டாளத்து கேம்ப்பில் கொண்டுபோய் விட்டார்கள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. சண்டை முடிந்திருந்தது. பட்டாளம் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. அவர்கள் துணியைத் துவைத்துப்போட ஆள் வேண்டியிருந்தது.

முன்பெல்லாம் போனில் பேசும்போதே கேலி செய்கிற சித்தப்பா, அந்த முறை பெட்டியைக்கூட எங்கள் எதிரில் திறக்கவில்லை. அப்பாவையும் அம்மாவையும் உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்த அம்மாவின் முகம் வீங்கியிருந்தது. எனக்கு வாங்கி வந்த சாக்லேட்டை உள்ளேயே தின்று தீர்த்துவிட்டார்களோ என்பதுதான் என் கவலை.

எதிர்வீட்டு அக்கா அப்போது நிறைமாதம். மூச்சு வாங்க எங்கள் வாசலுக்கு வந்து, "அண்ணா, அவுரு எப்டி கீறாரு? ஏன் போனே வரல?" என்று கேட்டாள். சித்தப்பா குனிந்து பெட்டியிலிருந்து ஒரு போர்வையை எடுத்துக் கொடுத்தார். "கீறாம்மா. அங்க டவர் ரிப்பேரு. இத உங்கிட்ட குடுக்கச் சொன்னான்" என்றார்.

அக்காவுக்கு அம்மா இல்லை. காதல் கல்யாணம் என்பதால் பழையசீவரத்தில் இருந்த அவள் சொந்தங்களும் வந்து போவதில்லை. வளைகாப்பு எங்கள் வீட்டில்தான் நடக்கவேண்டும் என்று அம்மாதான் முன்பே சொல்லி வைத்திருந்தாள். இப்போது அதே அம்மா, வெயில் அதிகம், அக்கா உடம்புக்கு ஆகாது, பிறகு பார்க்கலாம் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தாள். அக்கா கேட்கவில்லை. "அவுரு வந்தா போட்டோ காட்டணும்கா" என்று பிடிவாதம் பிடித்தாள். அப்பா உத்திரமேரூர் போய் ஸ்டுடியோக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, தலை நிறையப் பூ வைத்தார்கள். முதல் வளையலை அம்மாதான் போடவேண்டும் என்றார்கள். அம்மா தட்டை எடுத்துப் பக்கத்திலிருந்த பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை. எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் விடிகாலையிலேயே கிளறி இறக்கியாகிவிட்டது.

சாப்பிடும்போது அக்கா சித்தப்பாவை விடவில்லை. "சொல்லுண்ணா, அங்க இன்னா பண்ணுவாரு?"

சித்தப்பா சொன்னார். வண்டி வண்டியாக வந்து விழும் அழுக்கு உடுப்புகளைப் பற்றிச் சொன்னார். மெஷினில் போடும் முன்னால் ஒவ்வொரு பையாகத் துழாவ வேண்டுமாம். ஒருநாள் எதிர்வீட்டு மாமாவின் கையில் ஒரு கைக்குழந்தையின் போட்டோ கிடைத்ததாம். அவர் அதை எடுத்துக்கொண்டு கூடாரம் கூடாரமாக ஓடி, அதற்குரிய சிப்பாயைக் கண்டுபிடித்துக் கொடுத்தாராம். ஆறடி ஆள் அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டானாம். வெளியே நிற்க முடியாத வெயிலில் சாப்பாட்டுக் கூடத்தில் ஐஸ்கிரீம் வாரி வாரி வைப்பார்களாம். மாமா ஆசை தீரத் தின்று, பாலைவனத்தில் சளி பிடித்த ஒரே ஆள் என்று பெயர் வாங்கினாராம். சைரன் ஊதினால் எல்லோரும் சிமெண்ட் பதுங்குகுழிக்குள் ஓடவேண்டுமாம். குளித்துக்கொண்டிருந்த மாமா துண்டைச் சுற்றிக்கொண்டு, தலை நிறைய சோப்பு நுரையோடு வந்து உட்கார்ந்தாராம்.

பெண்கள் சாப்பிட முடியாமல் சிரித்தார்கள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, புது வளையல் எல்லாம் குலுங்கச் சிரித்தாள். "அய்யோ, போதும்ணா" என்றாள். உடனே, "அப்புறம்?" என்றாள்.

அப்புறம் சித்தப்பா சொல்லவில்லை. கை கழுவப் போனவர் திரும்பவில்லை. தேடிக்கொண்டு போனேன். மோட்டார் கொட்டகையில், போட்டிருந்த புதுச் சட்டையோடு, குழாய்த் தண்ணீருக்கு அடியில் தலையைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தார். பாலைவனத்துச் சூடு இன்னும் உடம்பைவிட்டுப் போகவில்லை என்று நினைத்துக்கொண்டு, நானும் பக்கத்தில் நின்று நனைந்தேன்.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் சித்தப்பா உண்மையைச் சொன்னார். மாமா துணி உலர்த்திக்கொண்டிருந்த இடத்தில் குண்டு விழுந்திருக்கிறது. சித்தப்பா உள்ளே மெஷின் பக்கம் இருந்திருக்கிறார். பிள்ளை பிறக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று அன்றைக்கு உள்ளறையில் சொன்னது அம்மாதான்.

அழுகைச் சத்தம் கேட்டு நான் எதிர்வீட்டு வாசற்படிக்கு ஓடினேன். அக்கா அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். அம்மா அவள் கையைப் பிடிக்கப் போனாள். அக்கா உதறினாள்.

"அவுரு அங்க பொணமா கெடக்கசொல்ல, எனக்குப் பூ வச்சி சந்தனம் பூசி, போட்டோ வேற புடிச்சீங்களே. சிரிச்சனே நானு!"

அக்கா சித்தப்பா பக்கம் திரும்பி, அன்றைக்குச் சொன்னதில் எது நிஜம் என்று கேட்டாள்.

"எல்லாம் நெசந்தாம்மா" என்றார் சித்தப்பா. "கீறான்னு சொன்னது மட்டும்தான் பொய்யி."

மாமாவின் உடலை வைத்த பெட்டி சென்னைக்கு விமானத்தில் வந்து, ஊருக்கு வேனில் வந்தது. திறக்கக் கூடாது என்றார்கள். சித்தப்பா அதன்பின் எந்த நாட்டுக்கும் போகவில்லை. காஞ்சிபுரம் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டினார். அக்கா குழந்தையோடு அதே வீட்டில்தான் இருந்தாள். அவரோடு பேசினாள், என்னோடு பேசினாள். அம்மாவோடு மட்டும் பேசவில்லை.

அம்மா தினமும் பிள்ளை பெற்றவளுக்கான பூண்டுக் குழம்பு வைத்து, கிண்ணத்தில் ஊற்றி என்னிடம் கொடுத்தனுப்புவாள். அக்கா வாங்கி ஓரமாக வைப்பாள். நான் குழந்தையைக் கொஞ்சிவிட்டுக் கிளம்பும்போது, அப்படியே மூடியோடு என் கையில் திருப்பிக் கொடுப்பாள்.

ஒருநாள் நான் அம்மாவிடம், அக்காவுக்கு நீ வைக்கிற குழம்பு பிடிக்கவில்லை போலிருக்கிறது, நாளைக்கு ரசம் வைத்துப் பார் என்று யோசனை சொன்னேன். அம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். சரி என்றாள். மறுநாள் ரசம் வைத்தாள்.