பன்னீர்ச் சுருளை வேண்டாம் என்றவர்

வைத்தியநாதன் காலமானார் என்று பியூன் வந்து சொன்னபோது, கல்லூரி ரசாயனக் கூடத்தில் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். சரி என்றேன். மீதிக் குடுவைகளையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் மயிலாப்பூரில் அவர் வீட்டுக்குக் கிளம்பினேன். இன்னும் அழுகை வரவில்லை. அவரோடு ஒரே கூடத்தில் டெமான்ஸ்டிரேட்டராக இருந்தவன் இப்படியா என்று நினைக்காதீர்கள், எனக்கே விளங்கவில்லை.

அவரோடு பழகிய உங்களுக்கு அவருடைய நிதானம் தெரியும். அவர் ஒரு தீக்குச்சியைக் கிழிப்பதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். அந்த நிதானத்தை ஒரு நாள் நான் அடியோடு வெறுத்தேன்.

யுத்த காலம். சாந்தோமில் காலரா. என் மனைவி மேரி பங்குக் கோவில் மருந்தகத்தில் கிடந்தாள். ரத்தக் குழாயில் ஏற்ற உப்புநீர் வேண்டும். அதைக் கலப்பதற்கு வடித்த தண்ணீர் தீர்ந்துவிட்டது, எங்கும் கிடைக்கவில்லை என்றார் டாக்டர். "நம்மாத்துல வடிச்சுடலாம், வாங்கோ ஜோசப்" என்றார் வைத்தியநாதன்.

ஆவியைக் குளிரவைக்க இரண்டு வழி இருந்தது. ஒன்று, அவர் வீட்டில் பன்னீர் காய்ச்சும் செப்புக் குழாய்ச் சுருள். அண்டாத் தண்ணீரில் அமிழ்த்திவிட்டால் மளமளவென்று வடியும். மற்றது, கூடத்திலிருந்து கொண்டுவந்த கண்ணாடிக் கண்டென்சர். அதன் வெளிக்கூட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் வீட்டிலோ குழாய்த் தண்ணீர் கிடையாது, கிணறுதான். நான் சுருளைத் தூக்கினேன்.

"வையுங்கோ. இது பன்னீர் இல்லை, ரத்தத்துல கலக்கப்போறது. சுருளுக்குள்ள பச்சைக் களிம்பு பிடிச்சிருந்தா எப்படிப் பார்ப்பேள்? கண்ணாடின்னா உள்ளே தெரியும்."

ஸ்டூல்மேல் வாளியை வைத்து ரப்பர் குழாய் போட்டார். தினமும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற நானே பதற்றத்தில் அதைக் கண்டென்சரின் மேல் வாயில் செருகினேன். பிடுங்கிக் கீழ் வாயில் மாட்டினார். "கீழேர்ந்து ஏறட்டும், அப்பத்தான் கூடு நிரம்பும்." கிணற்றில் இறைத்து இறைத்து ஊற்றினோம். சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஒரு டம்ளர் சேர்ந்ததும் அதை எடுத்து முற்றத்தில் கொட்டினார்.

"அங்க அவ செத்துக்கினு கீறா சார்! நீங்க கொட்றீங்களே!" கோபத்தில் எனக்குச் சாந்தோம் பேச்சுதான் வந்தது.

"மொதல்ல வர்றதுல குழாய் அழுக்கெல்லாம் வரும், கொட்டத்தான் வேணும்" என்று காலி டம்ளரைத் திரும்பவும் குழாயடியில் வைத்தார்.

நிரம்பிய பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் ஓடினேன். டாக்டர் கொதிக்கவைத்து, உப்புச் சேர்த்து ஏற்றினார். மறுநாள் மேரி கண் விழித்து, "என்னாங்க, மூஞ்சியெல்லாம் இப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டாள். பிறகு நான் நன்றி சொல்ல வாயெடுத்த போதெல்லாம், "பியூரெட் காலியா இருக்கு, பாருங்கோ" என்று மாணவர் மேஜையைக் காட்டிப் பேச்சை மாற்றிவிடுவார்.

அவரை எடுத்துக்கொண்டு போன பிறகு வீட்டுக்கு நடந்தே வந்தேன். "குளிச்சிட்டு வாங்க, சோறு போடறேன்" என்றாள் மேரி. குளித்தேன், சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது.

அவர் ஞாபகமாக உங்களிடம் என்ன இருக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு படம்கூட இல்லை. மேரி இருக்கிறாள்.