பூட்டிய அறையில் நுரை

அன்று வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், ஷேக் பரீது, வயது எழுபத்திரண்டு. என் மனைவி ஹவ்வா உம்மாள். மருமகள் பவுசியா. பேத்தி நுஸைபா. அறந்தாங்கியிலிருந்து வந்த ஏசி மெக்கானிக் சந்தோஷ்குமார். ஆறாவது ஆள் இல்லை.

பேய் பிசாசு என்று பேசுகிற குடும்பம் இல்லை எங்களுடையது. மீமிசலில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் இது நடந்தது. நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

நுஸைபாவின் நிக்காஹ்வுக்குப் பதினொரு நாள் இருந்தது. மாப்பிள்ளை எங்கள் வீட்டில் வந்து தங்குவதுதான் முறை. அவருக்கென்று ஒதுக்கிய அறையில் ஏசி குளிரவில்லை. ஒரே மாதத்தில் இரண்டு முறை கேஸ் நிரப்பியாயிற்று. இரண்டு முறையும் போய்விட்டது.

எனக்கு சந்தோஷ்குமார் மேல்தான் சந்தேகம். வேலை வேண்டும் என்று அவரே ஓட்டை போடுகிறாரோ?

"கடல் காத்துங்க பாய். செம்புக் குழாயை உப்பு அரிச்சிரும்" என்றார்.

"அப்போ ஓட்டையைக் காட்டுங்க."

"ஏசியைவிட மாமாதான் சூடா இருக்காங்க" என்று பவுசியா மாமியாரிடம் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

அவர் குழாயில் நைட்ரஜனை ஏற்றி, அழுத்தம் காட்டும் மீட்டரை மாடியில் வெளி யூனிட்டில் மாட்டினார். அறைக்குள் ஏசியின் பின்னால் குழாய் சேரும் நட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினார். கசிவு இருந்தால் நுரை பொங்கும் என்றார். பொங்கவில்லை. துணியால் துடைத்துவிட்டார்.

நான் அறையைப் பூட்டினேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அறைக்குள் யாரும் போகாமல் மீட்டர் இறங்கினால் அப்புறம் பேசலாம் என்றேன்.

மணி 4.10. மீட்டர் 300. அவர் மொட்டை மாடியில் வெளி யூனிட் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் நம்பவில்லை என்பதால் தன் போனில் மீட்டரை வீடியோ எடுத்துக்கொண்டே இருந்தார்.

நான் கூடத்தில், பூட்டிய கதவுக்கு நேரே. மூன்று பெண்களும் என் கண் முன்னால். நுஸைபா பத்திரிகை உறைகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள்.

4.40. "இருநூத்தி அறுபது பாய்!" மேலிருந்து அவர் குரல்.

4.52. அவர் மறுபடி பேசினார். என்னிடம் அல்ல.

"எங்கிட்டுங்க?"

பதில் வந்தது. பெண் குரல். இளம் குரல்.

"வலது பக்கம்... கீழ் நட்டு..."

என் வீட்டுப் பெண்கள் வெளி ஆளிடம் இப்படிப் பேசுவதில்லை. ஆத்திரத்தில் திரும்பினேன்.

மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நுஸைபாவின் பேனா உறை மேல் நின்றுவிட்டது.

"நுரை நல்லா வருதுங்களா?" மேலிருந்து அவர்.

"வருது... வருது..."

குரல் வந்தது அறைக்குள்ளிருந்து.

"இங்கேருங்க... தொறக்காதீங்க" என்றாள் ஹவ்வா உம்மாள்.

திறந்தேன். 4.55.

யாரும் இல்லை.

ஜன்னல் உள்பக்கம் தாழ் போட்டிருந்தது.

ஏசிக்குக் கீழே ஸ்டூல் இல்லை. சோப்புக் கிண்ணம் மாடியில் இருந்தது.

கீழ் நட்டில் புது நுரை.

ஒரு குமிழி... மெல்லப் பெருத்தது...

உடைந்தது.

சந்தோஷ்குமார் இறங்கி வந்து அந்த நட்டைக் கழற்றினார். குழாய் வாயில் மயிரிழை அளவு வெடிப்பு. அந்த நுனியை வெட்டி, குழாய் வாயைப் புதிதாக விரித்து நட்டைப் பூட்டினார். மறுபடி ஏற்றிய நைட்ரஜன் இறங்கவில்லை. கேஸ் நிரப்பினார். அன்று முதல் ஏசி குளிர்கிறது.

"பாப்பா சொல்லலேன்னா கண்டுபிடிச்சிருக்க முடியாதுங்க" என்றார் கிளம்பும்போது. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

மறுநாள் அந்தப் போன் வீடியோவை எனக்கு அனுப்பினார். மூன்று முறை கேட்டேன். அவர் குரல் இருக்கிறது. பெண் குரலும் இருக்கிறது. ஆனால் கீழே, சுவருக்கு அப்பால் இருந்து பேசுகிற குரல் இல்லை அது.

போனில் வாய் வைத்துப் பேசியதுபோல் இருந்தது. மூச்சுகூடக் கேட்டது.

மாடியில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

எப்படியோ கடைத்தெருவுக்குப் பேச்சுப் போய்விட்டது. நான்கு நாள் கழித்து மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன். விசாரித்தார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

நுஸைபா மெக்கானிக்கோடு பேசிக்கொண்டிருந்தாள் என்று சொல்கிறார்கள். பொய். அவள் என் எதிரில் இருந்தாள். வாய் திறக்கவில்லை.