சபாக்கிலிருந்து வந்த வால்வு

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஹெட்போன் மாட்டியிருப்பவரை யாரும் கூப்பிடக் கூடாது. அடுப்பில் சோறு தீய்ந்தாலும் கூடாது. சட்டம் போட்டவர் மாமா, அம்மாவின் தம்பி. அந்த வீட்டில் அவர் சொன்னதை எல்லாரும் கேட்டு நடந்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

கோலா சிலாங்கூரிலிருந்து மண் சாலையில் உள்ளே தள்ளி இருந்த செம்பனைத் தோட்டம் அது. எண்பதுகளின் நடுப்பகுதி. எங்களுடையது வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடு, நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. நாங்கள் தும்மினால் பக்கத்து வீட்டு அக்கா, "என்னா, சளி பிடிச்சிருச்சா?" என்று அங்கிருந்தே கேட்பார். அப்பாவுக்கு எண்ணெய் ஆலையில் முறை வேலை. பாதி நாட்கள் பகலில்தான் தூங்குவார். அதனால் வீட்டில் ரேடியோவோ கேசட்டோ சத்தமாக வைக்க வழியில்லை. மாமாவுக்கோ பாட்டில்லாமல் ஒரு வேளை ஓடாது. கோலா சிலாங்கூரில் ஒரு ரேடியோ கடையில் வேலை பார்த்தவர் அவர். கடையை மூடியதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அவருடன் நான்கு பெட்டி நிறைய பழைய சாமான்களும் வந்தன.

"அடுத்த மாசம் ஆலையில சேந்துரு மாப்ள. நான் ஃபோர்மேன்கிட்ட சொல்லி வைக்கிறேன்" என்பார் அப்பா.

"பாக்கலாம் மச்சான்" என்பார் மாமா. அடுத்த மாதமும் இதே பேச்சுதான்.

அந்தச் சாமான்களிலிருந்து பிறந்ததுதான் பெட்டி. சதுரமான பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துப்போட்டு, அதன் முதுகில் துளைகள் போட்டு, இரண்டு வால்வுகளை நிறுத்தியிருந்தார். வால்வு என்றால் கட்டைவிரல் அளவு கண்ணாடிக் குழல். அந்தக் காலத்துப் பெரிய ரேடியோக்களின் வயிற்றில் இருக்கும். கேசட் பெட்டியிலிருந்து வரும் ஓசையை முதல் வால்வு பெரிதாக்கும், இரண்டாவது அதை ஹெட்போனுக்குத் தள்ளும் என்று மாமா விளக்குவார். சுவிட்சைப் போட்டதும் பாட்டு வந்துவிடாது. குழலுக்குள் சின்னச் சிவப்பாக வெளிச்சம் ஏறும். வால்வு சூடேறக் காத்திருக்க வேண்டும். எந்த வேலைக்கும் காத்திருக்காத மாமா அதற்கு மட்டும் சம்மணம் போட்டுக் காத்திருப்பார்.

"இதுல தண்ணி வச்சா டீ போட்டுறலாம் போல" என்பார் அப்பா.

பெட்டி பாடத் தொடங்கியதோடு விஷயம் முடிந்திருந்தால் எங்களுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். மாமாவுக்கு அது முடிவதாக இல்லை. சத்தம் கூட்டும் திருகியை மாற்றினார். உள்ளே இருந்த கண்டன்சர்களைப் பிடுங்கி வேறு வைத்தார். பிறகு வால்வுகளை மாற்றத் தொடங்கினார். எங்கெங்கோ கிடந்த உடைந்த ரேடியோக்களிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவருவார். எல்லாம் ஒரே எண் கொண்ட வால்வுகள், பார்க்கவும் ஒரே மாதிரி. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் உண்டு என்று சத்தியம் பண்ணுவார். ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றைச் சொருகி, அதே பாட்டை அதே இடத்திலிருந்து போட்டு, எல்லாரையும் வரிசையாகக் கேட்கச் சொல்வார். அப்போதுதான் அந்தச் சட்டம் வந்தது. நடுவில் யாராவது கூப்பிட்டால் காது கலைந்துவிடுமாம்.

"முன்னாடி இருந்ததுக்கும் இதுக்கும் என்னா வித்தியாசம், சொல்லு பாப்போம்."

அண்ணன், "குரல் கிட்டக்க வருது மாமா" என்பான். ஒரு தடவை மாமா அப்படிச் சொல்லக் கேட்டு வைத்துக்கொண்டது. அப்பா, "ம். பரவால்ல" என்பார், எல்லா வால்வுக்கும். எனக்கு முறை வருவது கடைசியில்தான். அதிகம் பேசாத பிள்ளை என்பதால் என்னை மறந்துவிடுவதும் உண்டு. யாராவது கூப்பிடுவார்களா என்று கதவோரம் நிற்பேன். கூப்பிட்டால் ஓடிப்போய் மாட்டிக்கொள்வேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை. "நல்லா இருக்கு" என்று சொல்லிவிடுவேன்.

அம்மா கேட்டதே இல்லை. கேட்கச் சொல்ல அவர் எந்த நேரத்தில் சும்மா இருந்தார்? நாலு மணிக்கு எழுந்து சமைத்து, விடிவதற்கு முன்னால் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடி, மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் செம்பனைக் கொட்டைகளைக் குனிந்து குனிந்து பொறுக்கி மூட்டை கட்டி, மதியம் வந்து தண்ணீர் பிடித்து, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டுத் துணியையும் துவைத்துப் போட்டுவிட்டு வருவார். வந்ததும் கூப்பிடத் தொடங்குவோம். என் சட்டை எங்கே, உப்பு எங்கே, தைலம் எங்கே. "அக்கா, அந்தக் குறடு எங்க வச்ச?" என்று மாமாவும் சேர்ந்துகொள்வார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அக்காவும் கூப்பிடுவார். பெட்டிமேல் தூசி விழாமலிருக்க பழைய சேலைத் துணியில் ஒரு உறை தைத்துப் போட்டது மட்டும்தான் அம்மாவுக்கும் அந்தப் பெட்டிக்கும் இருந்த உறவு.

இப்படி இருக்கையில் சபாக்கில் கடையை ஒழித்துக்கொண்டிருந்த ஒரு சீனப் பெரியவரிடம் ஒரு வால்வு இருப்பதாக மாமாவுக்குத் தெரிந்தது. மூன்று தடவை பஸ் ஏறிப் போனார். மூன்றாவது தடவை அது ஒரு பால் டின்னுக்குள், செய்தித்தாள் சுற்றி, வந்து சேர்ந்தது. அதைச் சொருகிய மாலை மாமா யாரையும் கேட்கக் கூப்பிடவில்லை. தானே கேட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை அப்பாவிடம், "மச்சான், டிரெசர் ஐயாவ ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். அவருக்கு ஒரு பெட்டி செய்யச் சொன்னாருன்னா, அதைப் பாத்து நாலு பேரு கேப்பாங்க. நான் இதையே தொழிலா வச்சிக்குவேன்" என்றார்.

டிரெசர் ஐயா தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுப்பவர். பாட்டுப் பிரியர். தோட்டத்தில் அவர் வாங்கினால் மற்றவர்களும் வாங்குவார்கள் என்பது உண்மைதான்.

அப்பா சட்டைப் பொத்தான்களைப் போட்டு முடித்தார். "சரி. அவரு வேணான்னுட்டா திங்கக்கெழம எங்கூட ஆலைக்கு வர்ற" என்றார்.

"வர்றேன் மச்சான்."

ஞாயிற்றுக்கிழமை அம்மா விடியலிலிருந்து அடுப்படியில் இருந்தார். டிரெசர் ஐயா சாப்பிடுவதற்குக் கோழி. மாமா மதியம் கடைசியாக ஒரு தடவை பெட்டியைப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்பாவின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவரை அழைத்துவரக் கிளம்பினார். அண்ணன் திடலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். அப்பா உள்ளறையில் தூங்கினார்.

நான் பெட்டியோடு தனியாக இருந்தேன். இத்தனை நாள் பொய் சொன்னது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. டிரெசர் ஐயா முன்னால் மாமா என்னையும் கேட்டால் உண்மையாகவே தெரிந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். புதியதை எடுத்துவிட்டுப் பழையதைச் சொருகிக் கேட்டு, மறுபடி புதியதை வைத்துவிடுவது. மாமா செய்வதை நூறு முறை பார்த்திருக்கிறேன். சுவிட்சை அணைத்துவிட்டுச் சூடு ஆறக் காத்திருக்க வேண்டும், துணியால் பிடித்து நேராகத் தூக்க வேண்டும். எல்லாம் தெரியும். காத்திருப்பதை மட்டும் விட்டுவிட்டேன். சுவிட்ச் அணைந்திருந்தது, ஆனால் மாமா போய் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெறும் கையால் பிடித்து உருவியதும் விரல் சுட்டது. விட்டுவிட்டேன். சிமெண்டுத் தரையில் பெரிய சத்தம்கூட வரவில்லை.

கண்ணாடித் துண்டுகளைப் பாவாடையில் அள்ளிக்கொண்டுபோய் வாழை மரத்தடியில் புதைத்தேன். திரும்பி வந்து, வால்வு இருந்த இடத்தின் ஒன்பது ஓட்டைகளையும் பார்த்தேன். துணி உறையை எடுத்து மூடினேன். பழைய வால்வைத் தொடவும் பயமாக இருந்தது, வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்போதுதான் அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அம்மா பெட்டிக்கு முன்னால் நின்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். உறையை நீக்கவில்லை. சுவிட்சைப் போடவில்லை. கால்களை நீட்டிக் கண்ணை மூடினார்.

பாட்டு வரவில்லை என்று சொல்லப் போகிறார், உறையைத் தூக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அம்மா அசையவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். "என்னா, கோழி வெந்துருச்சா? வாசன இங்க வரைக்கும் வருது."

"அம்மா ஹெட்போன் மாட்டியிருக்காங்க" என்றேன்.

"ஓ. சரி சரி" என்றார். அதற்குப் பிறகு சத்தமில்லை.

அண்ணன் ஓடிவந்து "அம்மா, தண்ணி" என்றான். பார்த்தான். தானே போய் மொண்டு குடித்தான். அப்பா எழுந்து வந்தார். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டித் தேநீர் கலக்கினார். அப்பா தேநீர் கலக்கி நான் பார்த்தது அன்றுதான். ஏறக்குறைய அரை மணி நேரம் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மாமா டிரெசர் ஐயாவோடு உள்ளே வந்ததும் அம்மாவைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை இப்போதும் மறக்க முடியவில்லை.

"பாருங்க ஐயா, பாட்டே கேக்காத எங்கக்கா." தரையில் உட்கார்ந்து அம்மாவின் கையைத் தொட்டார். "எப்புடிக்கா இருக்கு?"

அம்மா மெல்லக் கண்ணைத் திறந்தார். ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கினார். "நல்லா இருக்குடா. இவ்ளோ நாளா நான் இதக் கேக்காம இருந்துட்டேன்."

"கேட்டீங்களா ஐயா?" என்ற மாமா, அப்போதுதான் உறையைக் கவனித்தார். "அய்யோ அக்கா, துணிய எடுக்காமயா போட்ட? எரிஞ்சிரும்க்கா." பதறிப்போய்த் துணியை இழுத்தார்.

ஒரு வால்வும் ஒன்பது ஓட்டைகளும் இருந்தன.

மாமா பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை. "வால்வே இல்லியே. நீ என்னாத்தக்கா கேட்ட?"

அம்மா ஓட்டைகளைப் பார்த்தார். பிறகு கதவுக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தார். நான் சுட்ட விரலை வாயில் வைத்திருந்தேன்.

"தொடைக்கறப்போ விழுந்துருச்சிடா. என் கைதான்" என்றார்.

"அதச் சொல்ல வேண்டியதுதானே. எதுக்குக் கேக்குற மாதிரி நடிச்ச?"

அம்மா ஹெட்போனைக் கழற்றி வைத்தார். எழுந்து கோழியைப் பார்க்கப் போனார்.

மாமா பால் டின்னிலிருந்து பழைய வால்வை எடுத்துச் சொருகினார். அதன் கால்கள் ஓட்டையில் சரியாக இறங்கவில்லை, இரண்டு தடவை எடுத்து வைத்தார். டிரெசர் ஐயா ஒரு பாட்டு முழுவதும் கேட்டார்.

"இது பழசு ஐயா. புதுசுல கேட்டிருந்தீங்கன்னா..."

"இதே நல்லாத்தானே இருக்கு தம்பி. ஆனா டவுன்ல இப்ப பாக்கெட்டுல போட்டுக்கிட்டு நடக்கற மாதிரி சின்னதா வந்துருச்சி லா. பேட்டரியில பாடுது. சுடவும் இல்ல." கோழியை நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் மாமா அப்பாவோடு ஆலைக்குப் போனார். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். அந்த வால்வு உடையாமல் இருந்திருந்தால் என்று நான் வெகுகாலம் நினைத்து அழுதிருக்கிறேன். உடையாமல் இருந்திருந்தாலும் டிரெசர் ஐயா அதையேதான் சொல்லியிருப்பார் என்பது புரிய எனக்கு இருபது வயதானது. மாமாவிடம் உண்மையைச் சொன்னதும் அப்போதுதான். "அப்பவே தெரியும் பாப்பா, உன் விரல்ல கொப்புளம் இருந்துச்சே" என்றார்.

வீட்டில் அது பெரிய கேலியாக நிலைத்துவிட்டது. விருந்தாளிகள் வந்தால், "எங்கக்கா காலி டின்னுல பாட்டுக் கேட்ட ஆளு" என்று மாமா தொடங்கிவிடுவார். அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். பெட்டி சில மாதங்களில் புகைந்து நின்றது. ஆலையிலிருந்து வந்து அதைத் திறந்து பார்க்க மாமாவுக்குத் தெம்பில்லை. ஹெட்போன் மட்டும் ஆணியில் தொங்கியது. சில ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அம்மா அதை எடுத்து மாட்டிக்கொண்டு சுவரில் சாய்வார். ஒயரின் முனை மடியில் கிடக்கும். அண்ணன் கண் காட்டிச் சிரிப்பான். ஆனாலும் கூப்பிட மாட்டோம். சட்டம் இருந்ததே.

அன்று அம்மா எனக்காக இரண்டு பொய் சொன்னதாக நான் கணக்கு வைத்திருந்தேன். தன் கையால் உடைந்தது என்றது ஒன்று. நல்லா இருக்கு என்றது இன்னொன்று. இப்போது ரவாங்கில் தொழிற்சாலை வேலை முடிந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து "அம்மா" என்று கூப்பிடுகிறார்கள். செருப்பைக் கழற்ற நான் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவதாகச் சொன்னது பொய்யே இல்லை என்று இப்போது தெரிகிறது.

அன்று எனக்குப் பத்து வயது. கதவோரம் நின்று, யாராவது என்னைக் கூப்பிட மாட்டார்களா என்று காத்திருந்த வயது.